மயில் டப்பாவில் மூன்று முனைகள்

என் இடது கட்டைவிரலில் குறுக்காக ஒரு கோடு ஓடுகிறது. நான்கு தையல் போட்ட கோடு. அது வெட்டுப்பட்டபோது எனக்கு வலிக்கவே இல்லை. மேஜைமேல் சிவப்பாக ஏதோ சொட்டியிருக்கிறதே, ஊறுகாய் எண்ணெயா என்று துடைக்கப் போனேன். துடைக்கத் துடைக்க அது அதிகமாகிக்கொண்டே போனபோதுதான் என் ரத்தம் என்று தெரிந்தது. இந்த ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த விஜயதசமி காலையில் நான் நடுங்கியதெல்லாம் இதை நினைத்துத்தான்.

நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. டெக்ஸஸில் ஆலன் என்ற ஊரில் வீடு வாங்கிக் குடிபோன அன்றே ஸ்மோக் அலாரம் எல்லாவற்றுக்கும் புது பேட்டரி போட்ட ஆள். ஃப்ரீவேயில் வலது லேனை விட்டு நகர மாட்டேன். வேலையும் அதற்குத் தோதாகவே வாய்த்தது. சாஃப்ட்வேர் டெஸ்டிங். அடுத்தவர்கள் எழுதியது எங்கே எப்படி உடையும் என்று யோசித்துக்கொண்டே இருப்பதற்குச் சம்பளம் தருகிறார்கள். இப்படிப்பட்டவன் வில்லைத் தூக்கிக்கொண்டு மான் வேட்டைக்குக் கிளம்பினான் என்றால் கேட்கிறவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள்.

எங்கள் ஒரே மகள் ஆஸ்டினுக்குக் காலேஜுக்குப் போன வருடம் அது. வீடு வெறிச்சென்று கிடந்தது. என் டீமில் ஒருவன், டெக்ஸஸிலேயே பிறந்து வளர்ந்தவன், நல்ல உயரம், பேச்சு குறைவு. ஒரு சனிக்கிழமை சும்மா வந்து பார் என்று வில் பழகும் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். முதல் நாள் கை வலியில் சாப்பாட்டைப் பிசையக்கூட முடியவில்லை. ஆனாலும் அடுத்த சனிக்கிழமை போனேன். வில்லை முழுசாக இழுத்துப் பிடித்து, மூச்சை நிறுத்திக் குறி பார்க்கிற அந்த ஐந்து விநாடி எனக்கு எதைப் பற்றியும் பயம் இல்லை. ஐம்பது வயதில் அப்படி ஒரு ஐந்து விநாடி கிடைத்தால் யார் விடுவார்கள்?

ஒரு வருடம் பஞ்சு அடைத்த இலக்கில் எய்துகொண்டிருந்தேன். பிறகுதான் அந்த நண்பன் கேட்டான். வடக்கே இரண்டு மணி நேரம் போனால் அவன் குத்தகைக்கு எடுத்திருக்கும் நிலம் இருக்கிறது, அக்டோபரில் வில் சீசன் திறக்கும், மானுக்கு வருகிறாயா என்றான். நான் சரி என்று சொல்லிவிட்டேன்.

ஏன் சொன்னேன் என்றால் அதற்கு என் மனைவிதான் காரணம். அவள் வீட்டில் முட்டைகூடக் கிடையாது. எங்கள் வீடு திண்டுக்கல், ஞாயிற்றுக்கிழமை என்றால் கறிதான். கல்யாணமாகி இத்தனை வருடமும் எனக்கென்று ஒரு தனி வாணலி அடுப்படியின் கீழ்த்தட்டில் இருக்கிறது. ஒரு ஞாயிறு நான் அந்த வாணலியைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, "பாக்கெட்ல வந்தா என்ன வேணா திங்கலாம். ஒரு தடவ நீங்களே கொன்னு எடுத்துட்டு வந்தா தெரியும்" என்றாள். கிண்டலாகத்தான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்று பட்டுவிட்டது.

ஆனால் வெளியில் யாருக்கும் இது தெரியக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். அவளுடைய தோழிகள் எல்லாம் எங்களைவிட இளையவர்கள், சுத்த சைவம். அவர்களுக்கு நான் ஆர்ச்சரி க்ளாஸ் போகிறேன் என்பது மட்டும் தெரியும். "ஒலிம்பிக்ஸ்ல வருமே அங்கிள், அதுவா?" என்று கேட்பார்கள். அதேதான் என்பேன்.

சரி என்று சொன்ன அன்று, பழகும் இடத்தின் பார்க்கிங்கில், நண்பன் வண்டிக்குள் உட்கார்ந்தபடியே ஒரு கதை சொன்னான். சில வருடங்களுக்கு முன் அவன் ஒரு பெண் மானை எய்தானாம். அம்பு பட்டது. ஆனால் முனையின் பிளேடுகளில் ஒன்று சரியாக விரியவில்லை. மான் ஓடிவிட்டது. அன்று மதியம் முழுக்கத் தேடினான், மறுநாளும் தேடினான், ரத்தச் சொட்டு இருநூறு அடியோடு நின்றுவிட்டது. ஐந்தாம் நாள் கழுகுகள் வட்டமிடுவதைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தான். செத்து ஐந்து நாள் ஆனது மாதிரி அது இல்லை, முந்தின நாள்தான் செத்திருக்கும் என்று சொல்லிவிட்டு, ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தான். அம்பையும் முனையையும் நீயே தேர்ந்தெடு, எதை நம்புகிறாயோ அதை எடு என்றான்.

அன்றிலிருந்து அந்த மான் என்னைப் பிடித்துக்கொண்டது. குறி தப்பிவிடுமோ என்ற பயம் இல்லை. தப்பினால் அதற்கு நல்லது, எனக்கும் நல்லது. பாதி பட்டுவிடுமோ என்பதுதான் பயம். மீட்டிங்கில் உட்கார்ந்திருப்பேன், எங்கோ ஒரு புதரில் என் அம்போடு ஒரு மான் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும். தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டிருப்பேன், அங்கேயும் நிற்கும்.

மூன்று மாதம் தேர்ந்தெடுத்தேன். எக்செல் ஷீட் போட்டு, அதில் கலர் போட்டு, மனைவி அதை எட்டிப் பார்த்துவிட்டு, "கல்யாணத்துக்குக்கூட என்னை இவ்வளவு யோசிச்சு செலக்ட் பண்ணல" என்றாள்.

முதலில் அம்பு. கார்பன் குழாய்தான், ஆனால் அதில் விறைப்பு பல தினுசு. முனை கனமாக இருந்தால் எய்த வேகத்தில் அம்பு வளையும், அதிகமாக வளைந்தால் வாலை ஆட்டிக்கொண்டு போகும். கடைக்காரர் என் கை நீளத்தை அளந்தார், வில்லின் இழுவையைப் பார்த்தார், ஒரு சட்டத்தில் காகிதத்தை மாட்டி அதன் வழியாக எய்யச் சொன்னார். காகிதம் பக்கவாட்டில் நீளமாகக் கிழிந்தது. அம்பு கோணலாகப் போகிறது என்று அர்த்தம். இன்னும் விறைப்பான, கனமான அம்பு கொடுத்தார். அது மெதுவாகத்தான் போகும், ஆனால் லோடு லாரி மாதிரி, எதில் பட்டாலும் சட்டென்று நிற்காது என்றார். இந்தத் தடவை காகிதத்தில் பொட்டு வைத்த மாதிரி ஒரு ஓட்டை, அதைச் சுற்றி இறகு கிழித்த மூன்று கோடு, அவ்வளவுதான். அந்தக் காகிதத்தை மடித்து பர்சில் வைத்துக்கொண்டேன்.

பிறகு முனை. பழகுவதற்குப் போடும் முனை பால்பாயின்ட் பேனா மாதிரி மொழுக்கென்று இருக்கும். வேட்டைக்கு வைப்பது வேறு, அதை ப்ராட்ஹெட் என்பார்கள், முழுக்கப் பிளேடு. அதில் ஒரு வகையில் பிளேடுகள் மடங்கியிருந்து, பட்டவுடன் விரியும். நேராகப் பறக்கும், பலரும் அதைத்தான் வாங்குகிறார்கள். இன்னொரு வகையில் பிளேடுகள் எப்போதுமே விரிந்தபடி இறுகியிருக்கும். காற்றைப் பிடிக்கும், அம்பு கொஞ்சம் சரியில்லை என்றாலும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். ஆனால் விரியாமல் போய்விடும் என்ற பேச்சுக்கே இடமில்லை. அசைகிற பாகம் எதுவோ அதுதான் ஒருநாள் உடையும் என்பது என் தொழில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. அசையாத மூன்று பிளேடு முனையை எடுத்தேன்.

எடுத்ததும் கூர்மையைப் பற்றிய கவலை வந்தது. நண்பன் ஒரு பரீட்சை சொல்லிக்கொடுத்திருந்தான். ஒரு காலி டப்பாவின் வாய்க்குக் குறுக்கே நாலைந்து ரப்பர் பேண்டைத் தளர்வாக மாட்டி, முனையை மேலிருந்து மெல்ல இறக்க வேண்டும். மழுங்கிய பிளேடு ரப்பரைத் தள்ளிக்கொண்டு போகும். கூர்மையான பிளேடு தொட்டாலே அறுக்கும். நரம்பும் ரத்தக்குழாயும் அந்த ரப்பர் மாதிரிதான், பிளேடு மழுங்கியிருந்தால் விலகிக்கொள்ளும், அறுபடாது, அப்போதுதான் மிருகம் நாள்கணக்கில் துடிக்கும். என் மூன்று முனைகளையும் நான் கல்லில் தீட்டித் தீட்டி, கடைசியில் ரப்பர் பேண்ட் பட் பட்டென்று அறுந்து விழுகிற அளவுக்குக் கொண்டுவந்தேன். அந்தச் சந்தோஷத்தில், முனையைப் பிடித்துத் திருகுகிற இடுக்கிச் சாவி இல்லாமல் வெறும் கையால் ஒன்றை அம்பில் திருகினேன். அன்றுதான் கட்டைவிரல்.

தையல் போட்ட டாக்டர், நல்ல கூரான வெட்டு, இது சீக்கிரம் ஆறிவிடும், மழுங்கின கத்தி என்றால்தான் கிழித்து நோகடிக்கும் என்றார். கட்டுப் போட்ட விரலோடு வீட்டுக்கு வந்து நான் பைத்தியக்காரன் மாதிரி சந்தோஷப்பட்டேன். எனக்கே தெரியவில்லையே, மானுக்கும் தெரியாது.

இதற்கப்புறம் நான் செய்ததுதான் தப்பு. அதை யார் தலையிலும் கட்ட மாட்டேன். முனைகள் வந்த பிளாஸ்டிக் உறை விரிசல் விட்டுவிட்டது. கெட்டியான ஒரு டப்பா தேவைப்பட்டது. கொலுவுக்கு வருகிறவர்களுக்குத் தாம்பூலத்தோடு கொடுக்க என் மாமியார் சென்னையிலிருந்து சின்ன மர டப்பாக்கள் அனுப்பியிருந்தார். மூடியில் மயில் போட்டது, உள்ளங்கை அகலம். அலமாரியில் அடுக்கியிருந்ததில் ஒன்றை எடுத்தேன். உள்ளே ஸ்பான்ஜை வெட்டி அடைத்து, மூன்று முனைகளையும் திருகு கீழே, பிளேடு மேலே என்று நிறுத்தி வைத்தேன். அச்சில் வார்த்த மாதிரி உட்கார்ந்தது. எங்கள் வீட்டில் சின்னக் குழந்தை இல்லை. பூட்டு எதற்கு என்று இருந்துவிட்டேன்.

அந்த வருடம் சரஸ்வதி பூஜை வெள்ளிக்கிழமை வந்தது. காலையில் மனைவி கொலுப்படிக்கு முன்னால் புத்தகம், லேப்டாப், கார் சாவி எல்லாம் வைத்துவிட்டு, என் அம்புகளையும் கேட்டாள். ஆறு அம்பையும் கட்டிக் கொண்டுபோய் வைத்தேன். அவள் நுனியைப் பார்த்துவிட்டு, "முனை இல்லாத அம்பு என்ன ஆயுதம்? வெறும் குச்சி. அதையும் கொண்டாங்க. நாளைக்குக் கிளம்பறதுன்னா சாமி முன்னாடி வச்சிட்டுப் போங்க" என்றாள். மான் கொல்லப் போவது அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் போகிற ஆள் பத்திரமாக வர வேண்டுமே. டப்பாவைக் கொடுத்தேன். மூடியின் மயில்மேல் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தாள். சாயங்காலம் ஆட்கள் வருவார்களே, திறந்து வைக்க வேண்டாம் என்று நான்தான் மூடியே வைக்கச் சொன்னேன்.

சாயங்காலம் வீடு கொள்ளாத கூட்டம். சுண்டல், பாட்டு, பட்டுப்பாவாடைக் குழந்தைகள். தாம்பூலப் பை போடும் வேலையைப் பக்கத்து வீட்டு ஆன்ட்டி எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு பையிலும் வெற்றிலை பாக்கு, பழம், ரவிக்கைத் துணி, குங்குமப் பொட்டலம் போட்ட ஒரு மயில் டப்பா. பூஜையில் வைத்ததை மறுநாள் காலை புனர்பூஜை முடியும்வரை தொடக் கூடாது என்பதால் நான் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

மறுநாள் காலை கற்பூரம் காட்டி முடித்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு, அம்பை எடுத்தேன். டப்பா இல்லை.

கொலுத் துணியைத் தூக்கிப் பார்த்தேன். செட்டியார் பொம்மைக்குப் பின்னால் பார்த்தேன். மனைவி அடுப்படியிலிருந்து வந்து என் முகத்தைப் பார்த்தாள், அவளுக்கும் புரிந்துவிட்டது. ஆன்ட்டிக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். ஆன்ட்டி சாவகாசமாகச் சொன்னார். "கடைசில ஒரு டப்பா குறைஞ்சுதும்மா. சாமி முன்னாடி ஒண்ணு பொட்டு வச்சு இருந்தது, எடுத்துப் போட்டுட்டேன். பூஜைல வச்சதுதானே, யாருக்குப் போனாலும் அவங்களுக்கு நல்லதுதானேன்னு."

யாருக்கு என்று கேட்டோம். அது ஞாபகமில்லை, கடைசியாகப் போன ஏழெட்டுக் குடும்பத்தில் யாரோ என்றார்.

அந்த ஏழெட்டுக் குடும்பத்தில் குழந்தை இல்லாத வீடு ஒன்றுகூட இல்லை. ரப்பர் பேண்டைத் தொட்டாலே அறுக்கிற பிளேடு ஒன்பது, பிளேடு மேலே இருக்க, ஒரு மயில் படத்துக்குக் கீழே. ராத்திரி முழுக்க யார் வீட்டிலோ இருந்திருக்கிறது. யாராவது அழுதால்தானே பெரியவர்கள் ஓடி வருவார்கள்? இது அழ வைக்காது. வலிக்காது. வலிக்கக் கூடாது என்றுதான் மூன்று மாதம் தேடி எடுத்தேன்.

கொலு வாட்ஸ்அப் குரூப்பில் உடனே போடலாம் என்று மனைவி போனை எடுத்தாள். நான் தடுத்தேன். இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. அந்த நிலைமையிலும் என் புத்தி, மானம் போய்விடுமே என்றுதான் முதலில் ஓடியது. ஆபீஸ் சாம்பிள் என்று போடு என்றேன்.

"பிளேடுன்னே போடறேன்" என்றாள்.

"பிளேடுன்னா எதுக்குன்னு கேப்பாங்க."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு நான் சொன்னபடியே டைப் பண்ணினாள். நேற்றைய தாம்பூலப் பையில் என் வீட்டுக்காரரின் ஆபீஸ் சாம்பிள் ஒன்று தவறி வந்துவிட்டது, மயில் டப்பா, ப்ளீஸ் செக் பண்ணிச் சொல்லுங்கள்.

பதில்கள் வந்தன. கட்டைவிரல் படம், விஜயதசமி வாழ்த்து, சிரிக்கிற பிள்ளையார். எனக்கு வந்தால் தரமாட்டேன் என்று ஒருத்தி ஜோக் அடித்தாள். ஐந்து வீட்டில் திறந்து பார்த்துவிட்டு, குங்குமம்தான் என்றார்கள். ஒவ்வொரு பதிலுக்கும் நான் மூச்சை விட்டேன், அடுத்ததற்குள் மறுபடி பிடித்துக்கொண்டேன். மூன்று வீட்டிலிருந்து பதிலே இல்லை. போன் போட்டால் அடித்துக்கொண்டே இருந்தது. அரை மணி ஆனது, ஒரு மணி ஆனது. ஆன்ட்டிதான் மறுபடி கூப்பிட்டு, அவர்கள் எல்லாம் கோயிலில் இருப்பார்கள், குழந்தைகளுக்கு இன்று அட்சராப்யாசம் என்றார். அதில் ஒன்றுக்கு மூன்று வயது.

கோயில் இருபது நிமிடம். அன்று நான் இடது லேனில் போனேன். எப்படி அங்கே ஏறினேன் என்றுகூட நினைவில்லை. கட்டைவிரல் தையல் இடம் ஸ்டியரிங்கில் பட்டுத் துடித்துக்கொண்டிருந்தது. பாதி வழியில் எனக்குத் தாங்கவில்லை.

"உள்ளதைப் போட்டுடு" என்றேன்.

"என்னன்னு?"

"அந்த டப்பால மூணு பிளேடு முனை இருக்கு. மான் வேட்டை அம்புக்கு வைக்கறது. என் ஹஸ்பண்டோடது. யாரும் திறக்காதீங்க, குழந்தைங்க கைல குடுக்காதீங்க. அப்படியே போடு."

அவள் அதை ஒருமுறை வாய்விட்டுப் படித்தாள், அனுப்பினாள். அதுவரை அவளும் அழவில்லை.

கோயிலில் செருப்பைக் கழற்றினேனா தெரியவில்லை. மண்டபம் முழுக்கக் குழந்தைகள். அப்பாக்கள் மடியில் உட்கார்ந்து, தட்டில் பரப்பிய மஞ்சள் கலந்த அரிசியில் விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். சில குழந்தைகள் அழுதன. அழுகிற குழந்தைகளைத் தாண்டி, அழாத குழந்தை எங்கே என்று நான் தேடினேன்.

தூணுக்குப் பக்கத்தில் அந்த மூன்று வயதுக்காரி இருந்தாள். பச்சைப் பட்டுப்பாவாடை, இரண்டு குடுமி. முன்னால் அரிசித் தட்டு. அவள் முறை இன்னும் வரவில்லை. மயில் டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தாள். அம்மா யாரோடோ பேசிக்கொண்டிருந்தாள். டப்பாவைப் பிடித்திருந்த கை பூராவும் சிவப்பு.

கத்த நினைத்தேன். கத்தினால் திடுக்கிட்டு இறுக்கிப் பிடித்துவிடுவாள் என்று பயந்து, அவள் முன்னால் மண்டியிட்டு, பாப்பா, அங்கிளுக்குக் குடு என்றேன்.

"நோ. இட்ஸ் மைன்" என்றாள்.

என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்தாள். கையிலிருந்த கண்ணாடி வளையல்களைக் கழற்றி, குழந்தை காதருகே குலுக்கினாள். குழந்தை பார்த்தது, யோசித்தது, டப்பாவை நீட்டியது. நான் வாங்கிய வேகத்தில் டப்பா என் விலா எலும்பில் இடித்தது. அடுத்து அந்தக் கையைப் பிடித்தேன்.

அவள் அழவில்லை. அழாததற்கு அர்த்தமே இல்லை என்பது அந்த மண்டபத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். சட்டை நுனியால் துடைத்தேன். சிவப்பு போகவில்லை, பரவியது. மேஜையைத் துடைத்தது ஞாபகம் வந்தது. யாரோ தண்ணீர் பாட்டிலை நீட்டினார்கள். ஊற்றித் துடைத்தேன். உள்ளங்கை தெரிந்தது. ரேகை தெரிந்தது. ஒவ்வொரு விரலாகப் பிரித்து, நகத்தடி வரை பார்த்தேன். ஒன்றுமில்லை. மூடியில் வைத்த குங்குமம்தான், கை வியர்வையில் கரைந்திருக்கிறது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். என்ன அங்கிள், என்ன ஆச்சு என்று அவள் அம்மா ஓடி வந்தாள். மனைவி சொன்னாள். அந்தப் பெண் கைப்பையிலிருந்து போனை எடுத்து இரண்டாவது மெசேஜை அப்போதுதான் படித்தாள். முகம் வெளுத்தது. குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"நல்லவேளை, அவளால திறக்க முடியாது. மூடி டைட்டா இருக்கும்" என்றாள். பிறகு குழந்தையின் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே, "ஃபர்ஸ்ட் மெசேஜை நான் வீட்லயே பாத்தேன் அங்கிள். ஆபீஸ் சாம்பிள்தானே, வந்து பாத்துக்கலாம்னு விட்டுட்டேன். ராத்திரியே அதைக் கட்டிப்பிடிச்சுத்தான் தூங்கினா. பிளேடுன்னு போட்டிருந்தீங்கன்னா அப்பவே புடுங்கி வச்சிருப்பேன்" என்றாள்.

கோபமே இல்லாமல் சொன்னாள். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். சாரிம்மா, சாரிம்மா என்று எத்தனை தடவை சொன்னேனோ. சுற்றி நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள், வேட்டையா, இவரா என்று ஒரு குசுகுசுப்பு கேட்டது. அதற்காகத்தானே ஒரு மணி நேரம் பயந்தேன்? அது வந்தபோது கொசு கடித்த அளவுக்குக்கூட உறைக்கவில்லை.

அத்தனை குழந்தைகளுக்கு நடுவில் டப்பாவைத் திறக்கத் துணிவில்லாமல், கொண்டுபோய் டிக்கியில் வைத்துப் பூட்டினேன். நண்பனுக்கு, வரவில்லை என்று ஒரு வரி அனுப்பினேன்.

திரும்பும்போது வலது லேனில் வந்தேன். வழியெல்லாம் இருவரும், நல்லவேளை மூடி டைட், நல்லவேளை மூடி டைட் என்று மாறி மாறிச் சொல்லிக்கொண்டே வந்தோம். வீட்டுக்கு வந்ததும் முனைகளை எடுத்து, பூட்டுகிற பெட்டியில் போட்டுவிடலாம் என்று அடுப்படி மேடையில் டப்பாவை வைத்தேன். இடுக்கிச் சாவியை எடுத்துக்கொண்டு, மூடியை நகத்தால் நெம்பினேன். டைட்டாக இல்லை. லேசாகத் திறந்துகொண்டது.

மூன்று முனைகளும் நான் வைத்தபடியே நின்றன. அவற்றைச் சுற்றி, பிளேடுக்கும் பிளேடுக்கும் இடையிலிருந்த சந்துகளில், ஸ்பான்ஜின் ஓரத்தில், மஞ்சள் அரிசி கிடந்தது. கொட்டியது மாதிரி இல்லை. இங்கே இரண்டு, அங்கே ஒன்று என்று, விரலால் எடுத்து எடுத்து வைத்த மாதிரி.

என் மனைவி தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மயிலுக்குப் போட்டிருக்கா" என்றாள்.

அந்த அரிசியை எடுக்க எனக்குக் கை வரவில்லை. என் விரல் அந்தச் சந்தில் நுழையவே நுழையாது. பேப்பரை விரித்து டப்பாவைக் கவிழ்த்தேன். அரிசி விழுந்தது, கூடவே முனைகளும் விழுந்து பேப்பரைச் சத்தமில்லாமல் கிழித்துக்கொண்டு கிடந்தன.

முனைகளை அடுத்த வாரமே நண்பனிடம் கொடுத்துவிட்டேன். அம்புகள் இருக்கின்றன, மொழுக்கு முனையோடு சனிக்கிழமைகளில் இன்னும் எய்கிறேன். நான் வேட்டைக்குப் போக இருந்தவன் என்பது இப்போது ஊருக்கே தெரியும், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் குழந்தை அடுத்த வருடக் கொலுவுக்கு வந்தது, பாட்டுப் பாடியது, என் கையிலிருந்து சுண்டல் வாங்கிக்கொண்டது. அவள் அம்மா, அன்னைக்கு நல்லவேளை அங்கிள், மூடி டைட்டா இருந்தது என்று சிரித்தாள். ஆமாம்மா என்றேன். அரிசியைப் பற்றி அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.